ஷூ என்றால் ‘போ’ என்று அர்த்தமில்லை

சாயங்காலம் கோழி அடைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. தெரிந்தவர்கள் கோழியைத் துரத்த மாட்டார்கள். துரத்தினால் அது எகிறிக் கூரையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஏணி தேட வேண்டியதுதான். கோழிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் தாழ்வாக விரித்து, மெல்ல நடந்தபடியே வாயால் ஓர் ஓசை எழுப்புவார்கள். அவ்வளவுதான். கோழி தானாகக் கூண்டுக்குள் போய்விடும்.

ஆங்கிலம் பேசும் பண்ணைகளில் அந்த ஓசை ‘ஷூ’. எஸ், ஹெச், ஓ, ஓ. அகராதியைப் புரட்டினால் ‘பறவை, விலங்கு முதலியவற்றை விரட்டும் ஒலி’ என்றிருக்கும். அது பாதி உண்மைதான். மேலே சொன்ன காட்சியில் எந்தக் கோழியும் விரட்டப்படவில்லை, வீட்டுக்குத்தான் அனுப்பப்படுகிறது. முற்றத்தில் காயும் தானியத்தில் வாய் வைக்கிற கோழிக்கும் அதே ‘ஷூ’, கூண்டுக்குள் போகவேண்டிய கோழிக்கும் அதே ‘ஷூ’. ஓசை சொல்வது ‘நகரு’ என்பதை மட்டும். எந்தப் பக்கம் என்பதைக் கையும், வேலியும், ஆள் நிற்கிற இடமும் சொல்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தச் சின்னச் சொல் குதிரைப் பந்தயத்துக்கும் அரசியலுக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

ஆங்கில எழுத்தில் இந்த ஒலி 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைகாட்டுகிறது. அதற்கு முன்னால் ஆயிரம் வருடம் யாரும் கோழி ஓட்டவில்லை என்று அர்த்தமில்லை. கோழி ஓட்டுகிற பெண்ணின் வாயிலிருந்து வருவதை எழுதி வைக்கவேண்டும் என்று எந்த எழுத்தருக்கும் தோன்றவில்லை, அதுதான் காரணம். எழுதத் தொடங்கியபோதும் எழுத்துக்கூட்டு நிலைப்படவில்லை. ஒருவர் கடைசியில் டபிள்யூ போட்டார், இன்னொருவர் ஜி-ஹெச் போட்டார். ஓசையைச் சொல்லாக்கும்போது எல்லா மொழியிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. நாமும் ‘ச்சூ’, ‘ஸூ’, ‘சூ’ என்று கதைக்கு ஒரு விதமாகத்தானே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வினைச்சொல்லாக, அதாவது ‘ஷூ என்று சொல்லி ஓட்டு’ என்ற பொருளில், அது எழுத்தில் வருவது 1620களில். வெறும் ஓசையாக இருந்தது வேலை செய்கிற வினையாவதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தமிழிலும் இந்த வழி உண்டு. ‘உசு’ என்பது நாயை ஏவுகிற ஓசை. அதிலிருந்து உசுக்காட்டு, உசுப்பு. இன்றைக்கு ‘அவனை உசுப்பேற்றிவிட்டார்கள்’ என்று சொல்கிறவர் யாரும் நாயை நினைப்பதில்லை.

நாய் என்றதும் இன்னொன்று. கோழியை ஓட்ட நாம் ‘ச்சூ’ என்போம். நாயை ஒருவன் மேல் ஏவிவிடவும் ‘சூ’தான்: ‘சூ, பிடி!’ ஒரே ஓசை கோழியை நம்மிடமிருந்து விலக்குகிறது, நாயை எதிராளியிடம் அனுப்புகிறது. நகர்த்துவது ஓசை, திசை வேறிடத்திலிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான சான்று ஆங்கிலத்திலேயே கிடைக்காது.

மற்ற மொழிக்காரர்களும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். இத்தாலியில் ‘ஷோ’, போர்த்துகீசில் ‘ஷோ’, போலந்தில் ‘ஷோ’ போலவே ஒலிக்கிற ஒன்று, ரஷ்யாவில் ‘கிஷ்’, துருக்கியில் ‘கிஷ்ட்’, ஜப்பானில் ‘ஷிஷ்ஷி’. இவை ஒன்றிலிருந்து ஒன்று கடன் வாங்கியவை என்று எண்ணத் தேவையில்லை. கோழி எல்லா ஊரிலும் கோழிதான், மனித வாயும் ஒன்றுதான்.

ஏன் ‘ஷ்’? ‘பா’வோ ‘மா’வோ ஏன் இல்லை? குரல் நாண் அதிராமல், நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே உள்ள குறுகிய இடுக்கில் காற்றைத் தள்ளினால் ‘ஷ்’ வரும். இது ஒரு சுருதியில் நிற்காத இரைச்சல். இதன் பலம் ஏறக்குறைய 2,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கிறது. பறவைகளின் காது நன்றாகக் கேட்பது 1,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். இரண்டும் நன்றாகப் பொருந்துகின்றன. ‘ஸ்’ இன்னும் மேலே, 4,000 ஹெர்ட்ஸைத் தாண்டித்தான் வலுக்கிறது. கோழியின் காதுக்கு அதில் பாதி வீண். பின்னால் வரும் ‘ஊ’வுக்கும் வேலை இருக்கிறது. உதடு குவிவதால் இரைச்சல் கொஞ்சம் கீழே இறங்குகிறது, மூச்சு இருக்கிறவரை நீட்டிக்கொண்டும் போகலாம். தொண்டையைக் கெடுக்காமல் நாள் முழுக்கச் செய்யக்கூடிய சத்தம் இது. வயலில் கத்திக் கத்திக் குரல் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பூனைக்கு வேறு. பூனையின் காது 60,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் எட்டும். கூர்மையான ‘ஸ்’ அதற்கு முழுசாகக் கேட்கும், போதாக்குறைக்குப் பூனையே சண்டைக்கு நிற்கும்போது சீறுகிற ஒலியும் அதுதான். பூனை ஓட்டும் சொற்களைப் பாருங்கள்: ஆங்கிலத்தில் ‘ஸ்காட்’, துருக்கியில் ‘பிஸ்ட்’, ரஷ்யனில் ‘ப்ரிஸ்’, ஸ்பானியத்தில் ‘ஸாப்பே’. எல்லாவற்றிலும் ஒரு சீறலும் ஒரு வெடிப்பும். துருக்கிக்காரர் நாய்க்கு ‘ஹோஷ்ட்’ என்று மூன்றாவதாக ஒன்றும் வைத்திருக்கிறார். கோழிக்கு, பூனைக்கு, நாய்க்கு என்று தனித்தனி. ஆங்கிலத்தின் ‘ஷூ’வோ தன் வேலியைத் தாண்டி ஈ, குழந்தை, நிருபர் என்று எல்லாரையும் ஓட்டத் தொடங்கியது.

வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், ஏனென்றால் சொல்லின் பிற்கால அர்த்தங்களெல்லாம் இந்த வேலையின் நுணுக்கத்திலிருந்துதான் வருகின்றன.

கோழியின் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 300 டிகிரிக்கு அதற்குப் பார்வை உண்டு. நேர் பின்னால் ஒரு சிறு துண்டு மட்டும் தெரியாது. அந்த இருட்டுத் துண்டில் நின்றால் கோழிக்கு ஆள் எங்கே என்று தெரியாமல் திரும்பிப் பார்க்கும், நின்றுவிடும். அதனால் நேர் பின்னால் நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் தன்னைச் சுற்றி ஓர் எல்லை இருக்கிறது. அதற்குள் கால் வைத்தால் நகரும், எல்லைக்கு வெளியே நின்றால் மேய்ச்சலைத் தொடரும். இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் தொடங்கி, கோழி அடி எடுத்து வைக்கும்வரை முன்னேறுங்கள். அது நடந்ததும் நீங்கள் நின்றுவிடுங்கள். அது நின்றால் மறுபடி ஓர் அடி. தோளுக்குப் பின்னால் நீங்கள் இருந்தால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னே வந்தால் திரும்பிவிடும். கைக்கு ஒரு நீளக் குச்சி, ஒன்றரை மீட்டர் இருந்தால் போதும், தரையோடு தாழ்த்திப் பிடித்தால் ஒரே ஆள் மூன்று ஆள் அகலமாகிவிடுவார்.

தவறு எங்கே நடக்கிறது? கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மேலே பருந்து வந்த மாதிரி ஆகிவிடும், கோழி சிதறும். ‘ஷூ’வை விடாமல் தொடர்ந்து சொன்னால் அது இரைச்சலாகி அர்த்தம் இழந்துவிடும். கோழி நிற்கிறபோது மட்டும் சொல்ல வேண்டும், நடக்கும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். கூட்டத்திலிருந்து ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடினால் அதன் பின்னால் போகக் கூடாது. போனால் மற்ற பத்தும் போய்விடும். பத்தை உள்ளே விட்டால் பதினொன்றாவது தானே வரும். வாசல் சின்னதாக இருந்தால் வேலியின் ஒரு பக்கத்தோடு ஒட்டி ஓட்டுங்கள், நடு வெளியில் ஓட்டினால் வாசலைத் தாண்டிப் போய்விடும். இருட்டுவதற்கு அரை மணி நேரம் முன்பு செய்தால் பாதி வேலையைச் சூரியனே செய்து கொடுத்துவிடும்.

இதெல்லாம் கோழி ஏற்கெனவே மனிதனைக் கண்டு கொஞ்சம் அஞ்சுகிற நிலையில்தான் பலிக்கும். ‘ஷூ’ ஒரு மிரட்டல். மிரட்டலுக்குப் பின்னால் எப்போதாவது ஒரு கல்லோ குச்சியோ வரவேண்டும். வராவிட்டால் பறவை கணக்குப் போட்டுவிடும்.

இங்கிலாந்தின் கிராமத்துப் பையன்களுக்கு இது தெரிந்த பாடம். 19ஆம் நூற்றாண்டில் விதைத்த வயலில் காக்கை ஓட்டுவது ஏழை வீட்டுப் பையனின் முதல் கூலிவேலை. பின்னாளில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை 1872இல் கட்டியெழுப்பி, நாடாளுமன்றத்துக்கும் போன ஜோசப் ஆர்ச், வார்விக்‌ஷயரில் ஒன்பது வயதில் தொடங்கியது இந்த வேலையைத்தான்: நாளைக்கு 12 மணி நேரம், கூலி நாலு பென்னி. கையில் மரத்தட்டை, வாயில் கூச்சல். நம் குறிஞ்சிப்பாட்டிலே தினைப்புனம் காக்கும் பெண்கள் கையில் தழல், தட்டை, குளிர் என்று கிளியோட்டும் கருவிகள் இருந்தனவே, அதே வரிசை. வித்தியாசம், அங்கே பரண் இல்லை, பாட்டில் வருகிற மாதிரித் தலைவனும் வரமாட்டான், குளிர்தான் வரும்.

அந்தப் பையன்களின் கூச்சலிலிருந்து தென் இங்கிலாந்து வட்டாரத்தில் ஒரு சொல் பிறந்தது: ‘ஷாய்-ஹாய்’. வயலில் நிற்கிற பொம்மைக்கு, நம் சோளக்கொல்லைப் பொம்மைக்கு, அந்தப் பெயர். வில்லியம் காபெட் (1763–1835) என்ற எழுத்தாளர் இதை எடுத்து அரசியல்வாதிகளைத் திட்டப் பயன்படுத்தினார். முதலில் பறவைகள் பொம்மையைக் கண்டு பயப்படும், கொஞ்ச நாளில் பழகிவிடும், கடைசியில் அதன் தொப்பி உச்சியிலேயே குருவி உட்கார்ந்து தின்னும். நாடாளுமன்றத்தில் அரசை எதிர்ப்பதுபோல நிற்கிற சிலரும் இப்படித்தான், கொள்ளையடிப்பவர்கள் அவர்களைக் கண்டு பயப்படுவதே இல்லை என்பது அவர் வாதம். திட்டு என்றால் இப்படி இருக்கவேண்டும், வயலில் நின்று பார்த்தவன் மட்டும்தான் இதை எழுத முடியும்.

இன்றைக்கும் பறவை ஓட்டும் கருவி விற்பவர்கள் இதே பிரச்சினையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். எரிவாயுவில் வெடிக்கிற துப்பாக்கிச் சத்தக் கருவியை ஒரே இடத்தில் வைத்து, சரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெடிக்க விட்டால் சில நாளில் புறாக்கள் அதன் பக்கத்திலேயே மேயும். நேர இடைவெளி ஒழுங்கில்லாமல் இருக்கவேண்டும், சில நாளுக்கொருமுறை இடம் மாற்றவேண்டும், பறவை கூட்டமாக வந்து பழகுவதற்கு முன்பே தொடங்கவேண்டும். ருசி கண்டபிறகு ஓட்டுவது பத்து மடங்கு வேலை.

இனி வினைச்சொல்லின் இலக்கணம். ஆங்கிலத்தில் ‘ஷூ’ தனியாக நிற்பது அபூர்வம். பின்னால் ஒரு திசைச்சொல் ஒட்டிக்கொள்ளும்: ‘அவே’ போட்டால் தூர ஓட்டு, ‘ஆஃப்’ போட்டால் ஒன்றின் மேலிருந்து ஓட்டு, ‘அவுட்’ போட்டால் வெளியே ஓட்டு, ‘இன்’ போட்டால் உள்ளே ஓட்டு. கோழி விஷயத்தில் கை செய்த வேலையை வாக்கியத்தில் இந்த ஒட்டுச்சொல் செய்கிறது.

ஓட்டப்படுபவர் யார் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. கோழி, ஈ, பூனை, சமையலறையில் சுற்றும் குழந்தை, வாசலில் கூடிய நிருபர்கள் ஆகியோரை ‘ஷூ’ பண்ணலாம். ஓநாயையோ எதிரிப் படையையோ பண்ண முடியாது. ஓட்டுபவருக்குப் பயமில்லை, ஓடுபவரால் பெரிய கெடுதலுமில்லை என்பது சொல்லுக்குள் இருக்கிறது. அதனால்தான் வளர்ந்த மனிதனை ஒருவர் ‘ஷூ’ பண்ணிவிட்டார் என்று எழுதினால் அவமானம் தொனிக்கும். அவனைக் கோழியாக்கிவிட்டார் என்று பொருள்.

தமிழாக்குபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பெரும்பாலும் ‘விரட்டினார்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘விரட்டு’வில் கோபம் இருக்கிறது, ‘துரத்து’வில் பின்னால் ஓடுவது இருக்கிறது. ‘ஷூ’வுக்குச் சரியான எடை ‘ஓட்டு’. காக்கா ஓட்டு, கோழி ஓட்டு, ஈ ஓட்டு. எச்சில் கையால் காக்கா ஓட்டாதவன் என்கிற வசவில் கஞ்சத்தனத்தின் அளவுகோலே இந்தச் சின்ன அசைவுதான், கையில் ஒட்டிய பருக்கைகூடச் சிந்திவிடக் கூடாது என்று கை வீசாதவன். கடையில் ஈ ஓட்டுகிறான் என்றால் வியாபாரம் இல்லை. ஆங்கில ‘டிரைவ்’ போலவே நம் ‘ஓட்டு’ம் மாட்டை ஓட்டி, வண்டியை ஓட்டி, பஸ்ஸையும் ஓட்டுகிறது. ஓடச் செய்வது என்பதுதான் அதன் உள்ளடக்கம். குழந்தைகளைப் படுக்கைக்கு ‘ஷூ’ பண்ணினாள் என்று வந்தால் ‘பத்தி விட்டாள்’ என்று எழுதலாம். ‘விரட்டினாள்’ என்றால் அந்த அம்மா கொடுமைக்காரி ஆகிவிடுவாள்.

இந்த ‘உள்ளே’ திசைதான் குதிரைப் பந்தயத்துக்குப் போனது.

அமெரிக்கப் பந்தயத் திடல்களில் ஒரு மோசடி முறை இருந்தது. எட்டுக் குதிரை ஓடுகிறது, ஜாக்கிகள் சிலர் சேர்ந்து பேசிக்கொள்கிறார்கள். ஜெயிக்க வாய்ப்பில்லை என்று எல்லாரும் நினைக்கிற ஒரு குதிரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் மேல் யாரும் பணம் கட்டாததால் ஒன்றுக்குப் பத்து, பதினைந்து என்று விலை கிடைக்கும். தங்கள் ஆட்களை வைத்து, சந்தேகம் வராதபடி பிரித்துப் பிரித்து அதில் பணம் கட்டுகிறார்கள். ஓட்டம் தொடங்கியதும் மற்ற ஜாக்கிகள் கடிவாளத்தை இறுக்குவார்கள், வளைவில் வேண்டுமென்றே அகலமாகப் போய்த் தூரத்தைக் கூட்டிக்கொள்வார்கள், உண்மையாகவே ஓடுகிற குதிரையை முன்னும் பக்கத்திலுமாக அடைத்துவிடுவார்கள். தேர்ந்தெடுத்த குதிரை முன்னால் போகிறது. பின்னால் வருகிறவர்கள் கை விரித்துக் கோழியை அடைப்பதுபோல அதை வெற்றிக் கம்பத்துக்குள் ‘ஷூ’ பண்ணி அனுப்புகிறார்கள். ஓவராகப் போனாலும் ஆபத்து. பணம் அதிகமாகக் கட்டினால் விலை விழுந்துவிடும், கடிவாளத்தை வெளிப்படையாக இழுத்தால் நடுவர் பார்த்துவிடுவார்.

‘உள்ளே ஷூ பண்ணு’ என்ற இந்தப் பிரயோகம் 1908இல் அச்சில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஃபில் என்று பெயர்பெற்ற பந்தயப் பணக்காரர் ஜார்ஜ் ஸ்மித்தின் வழிமுறைகளைச் சொல்லும் புத்தகம் ஒன்றில். 1928 வாக்கில் அது பெயர்ச்சொல்லாகிவிட்டது. ‘ஷூ-இன்’ என்றால் இப்படி ஏற்பாடு செய்யப்பட்ட ஓட்டத்தில் ஜெயிக்கப்போகிற குதிரை. 1930கள் முடிவதற்குள் மோசடி வாடை கழன்று, ‘நிச்சயமாக ஜெயிக்கப்போகிறவர்’ என்ற பொருள் மட்டும் மிஞ்சியது. இன்றைக்கு ஆங்கிலச் செய்தித்தாள் ஒரு வேட்பாளரை ‘ஷூ-இன்’ என்றால் பாராட்டுத்தான். பாராட்டப்பட்டவர் சொல்லின் பூர்வீகத்தைத் தேடாமல் இருப்பது நல்லது.

இதில் எழுத்துப்பிழை ஒன்று ஆங்கிலேயர்களையே ஆட்டிவைக்கிறது. கடைசி ஓ-வுக்குப் பதில் ஈ போட்டு, காலில் போடும் ஷூவாக எழுதிவிடுகிறார்கள். கதவிடுக்கில் கால் வைத்து உள்ளே நுழைவது என்று மனசு ஒரு கதை கட்டிக்கொள்கிறது. இறந்தகாலத்தில் குழப்பம் இன்னும் கூடும். குதிரைக்கு லாடம் அடித்ததைச் சொல்ல ‘ஷாட்’ என்று தனி வடிவம் இருக்கிறது, கோழியை ஓட்டியதற்கு ‘ஷூட்’, எழுத்தில் இரண்டு ஓ, பின்னால் ஈ, டி. நாம் தமிழில் இரண்டையும் ‘ஷூ’ என்றே எழுதித் தப்பித்துக்கொள்கிறோம்.

அடுத்தது பறக்கிற ஈ, ஆங்கிலத்தில் ‘ஃபிளை’. 1869இல் அமெரிக்காவில் ‘ஷூ ஃபிளை’ என்று தொடங்கும் பாட்டு ஒன்று வெளியாகிப் பட்டிதொட்டியெங்கும் பரவியது. உள்நாட்டுப் போர் முடிந்து நாலே வருடம். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்து ஆடிய மேடைகளில் பாடப்பட்ட பாட்டு இது. இன்று குழந்தைப் பாட்டாகச் சுத்தமாகிவிட்டது. பாட்டின் புகழில் ‘ஷூ ஃபிளை’ என்ற இணைப்பு கையில் கிடைத்ததற்கெல்லாம் பெயராக ஒட்டிக்கொண்டது.

தெற்கு மாநிலங்களின் மாளிகைகளில் சாப்பாட்டு மேசைக்கு மேல் பெரிய மரப்பலகை ஒன்று கூரையிலிருந்து தொங்கும். மிசிசிப்பியின் நாட்செஸ் நகரில் மெல்ரோஸ் மாளிகையில் இன்றும் அதைப் பார்க்கலாம். கயிற்றைக் கட்டி அறையின் மூலையில் நின்று இழுத்தால் பலகை ஊஞ்சல்போல ஆடி, காற்றும் தரும், தட்டிலிருந்து ஈயையும் ஓட்டும். அதற்கு இரண்டு பெயர்: ஒன்று ‘ஷூ-ஃபிளை’, மற்றொன்று ‘பங்க்கா’. இரண்டாவது இந்தியாவிலிருந்து போன சொல். இங்கே கச்சேரி என்ற அரசு அலுவலகங்களில் பங்கா இழுக்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தார், அங்கே அடிமைக் குழந்தை நின்றது. ஈ ஓட்டுவது யார் என்ற கேள்வி அந்தப் பாட்டிலும் இல்லை, பலகையைச் சுற்றிக்காட்டும் பெருமையிலும் ரொம்ப நாளைக்கு இல்லை.

சாப்பிடத் தகுந்த ஷூ-ஃபிளை ஒன்று பென்சில்வேனியாவில் இருக்கிறது. ஜெர்மன் வம்சாவளியினர் செய்யும் மொலாசஸ் ‘பை’, அதாவது மாவு உறைக்குள் ஊற்றிச் சுடுகிற இனிப்புப் பலகாரம். மொலாசஸ் என்பது சர்க்கரை ஆலையில் படிகம் பிரிந்தபின் மிஞ்சுகிற கருஞ்சாறு. இனிப்புக்கு ஈ மொய்க்கும், ஓட்டவேண்டும், அதனால் இந்தப் பெயர் என்பது எல்லாரும் சொல்கிற விளக்கம். உணவு வரலாற்றாளர் வில்லியம் வாய்ஸ் வீவர் சொல்வது வேறு: ஷூஃபிளை என்பது அங்கே விற்ற ஒரு மொலாசஸின் வணிகப் பெயர், அந்தப் பெயரோ சர்க்கஸில் குத்துச்சண்டை போட்ட ஒரு கோவேறு கழுதையுடையது. கழுதைக்குப் பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பாட்டின் வருடமே போதும். ஈ மொய்க்கிற விளக்கம் எனக்கு என்றுமே ஒட்டியதில்லை. ஈ மொய்க்காத இனிப்பு எது?

செய்முறையில் ஒரு சின்ன ரசாயனம் இருக்கிறது. 23 சென்டிமீட்டர் தட்டில் மைதா மாவு உறை விரித்துக்கொள்ளுங்கள். மைதா 150 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, இவற்றை விரல் நுனியால் உதிரியாகப் பிசறி வையுங்கள். மொலாசஸ் 240 மில்லியில் ஒரு முட்டையை அடித்துக் கலக்குங்கள். கொதித்து இறக்கிய தண்ணீர் 180 மில்லியில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா போட்டு, அதை மொலாசஸில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். மொலாசஸின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து நுரைக்கும். உதிரியில் மூன்றில் ஒரு பங்கை இதில் கலந்து, உறைக்குள் ஊற்றி, மீதியை மேலே தூவுங்கள். 200 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம், பிறகு 175க்குக் குறைத்து 30 நிமிடம்.

அடுப்பு முன்கூட்டியே சூடாகியிருக்கவேண்டும். நுரை அடங்கியபின் வைத்தால் பை எழும்பாது. ஒரேயடியாகக் கொதிநீரை ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். விளிம்புவரை நிரப்பினால் பொங்கி அடுப்புக்குள் கருகும், விரல் அகலம் இடம் விடுங்கள். மூன்றாம் கொதியில் மிஞ்சும் கடுங்கறுப்பு மொலாசஸைப் போட்டால் கசந்துவிடும், முதல் கொதியின் வெளிர் வகைதான் வேண்டும். அடியில் பிசுபிசுப்பாக நிற்பது ‘ஈர அடி’. உதிரி முழுவதையும் சாற்றிலேயே கலந்துவிட்டால் கேக் போல ‘உலர் அடி’ ஆகிவிடும். எது உண்மையான ஷூஃபிளை என்று பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம் கேட்காதீர்கள். சூட்டோடு வெட்டினால் எந்த அடியும் நிற்காமல் ஓடிவிடும், மூன்று மணி நேரம் ஆறவேண்டும்.

ரயில்வேயிலும் ஒரு ஷூ-ஃபிளை உண்டு. பாலம் கட்டும் இடத்தையோ, வெள்ளம் அரித்த இடத்தையோ, தடம் புரண்ட பெட்டிகளையோ சுற்றிக்கொண்டு போகத் தற்காலிகமாகப் போடும் தண்டவாளத்துக்கு அமெரிக்க ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர். கட்டையோடு சேர்த்துப் பூட்டிய 39 அடித் துண்டுகளைக் கிரேனால் இறக்கி வரிசையாக இணைப்பார்கள். 40 அடிச் சரக்குப் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதால் வந்த அளவு அது. வளைவு இறுக்கமாகவும் அடித்தளம் இளகியும் இருப்பதால் ரயில் ஊர்ந்துதான் போகவேண்டும். இடிபாட்டுப் பக்கம் போகாமல் ரயிலைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டு மறுபடி தன் தடத்துக்கே சேர்ப்பது இதன் வேலை, கோழியைக் கூண்டுக்குக் கொண்டுசேர்க்கிற அதே வேலைதான்.

நியூயார்க் போலீஸ் பேச்சில் ஷூஃபிளை என்றால் மற்ற போலீஸ்காரர்கள் ரோந்தில் தூங்குகிறார்களா என்று பார்க்க வருகிற மேலதிகாரி. பெரு நாட்டுப் பக்கத்துச் செடியான நிக்காண்ட்ராவுக்கும் ஷூ-ஃபிளை செடி என்று பெயர். கத்தரிக் குடும்பம், நீலப்பூ சில மணி நேரமே விரியும், இலையில் பூச்சிகள் தின்னத் தயங்கும் நிக்காண்ட்ரினோன் என்ற பொருள் இருக்கிறது. அதை நம்பி ஜன்னலில் தொட்டி வைத்தால் ஈ வராது என்று எதிர்பார்க்க வேண்டாம். பூச்சி அந்த இலையைக் கடிக்கத் தயங்குமே தவிர உங்கள் சமையலறையை விட்டுப் போகாது.

வாயின் கதை இவ்வளவு. கையைப் பற்றியும் ஒன்று. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ‘ஷூ’ சொல்லாமலேயே செய்யும் சைகை: உள்ளங்கை தரையைப் பார்க்க, விரல் நுனிகள் வெளிப்பக்கமாக இரண்டு மூன்று தடவை உதறும். நாம் தூரத்தில் இருப்பவரை ‘வா’ என்று கூப்பிடுவதும் உள்ளங்கை தரையைப் பார்க்கத்தான், விரல்கள் மட்டும் நம் பக்கமாக மடங்கும். இருபதடி தள்ளி நிற்பவருக்கு விரல் உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பது தெரியாது, கை ஆடுவதுதான் தெரியும். அழைக்கப்பட்ட வெள்ளைக்காரர் முகம் சுருங்கி விலகிப் போவது இதனால்தான். அவருக்காக உள்ளங்கையை மேலே திருப்பி விரலை மடக்கினால் புரிந்துகொண்டு வந்துவிடுவார். ஆனால் அப்போது பக்கத்தில் நிற்கிற நம் ஊர்ப் பெரியவர் முகம் சுருங்கும். மணிக்கட்டை அசைக்காமல் முழங்கையிலிருந்து முழுக்கையையும் மெதுவாக உடம்புப் பக்கம் இழுங்கள். இரண்டு பேருக்கும் அது ‘வா’தான்.